பண்டிகைக் கதைகளும் பிள்ளைகளின் கேள்விகளும்

(ஆலயத் திருவிழாவையொட்டி லூனாஸில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒரு தீபாவளித் திருநாள், விடியற்காலை. லூனாஸ் பட்டணத்தை அடுத்த ஒரு தாமானில், ஒரு வீட்டின் பின்புறத்தில் எண்ணெய்க் குளியல் நடந்துகொண்டிருந்தது. தகப்பனார் தம் 7 வயது மகளின் உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தவாறே, ஆண்டுதோறும் சொல்லும் கதையைச் சொன்னார். நரகாசுரன் என்னும் கொடிய அசுரன் இருந்தான். தேவர்களையும் மக்களையும் வதைத்தான். கண்ணபிரான் சத்தியபாமையுடன் சென்று அவனை அழித்தார். அவன் மாண்ட நாளே தீபாவளி. எண்ணெய் வழியாதபடி கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டிருந்த சிறுமி, கதை முடிந்ததும் கேட்டாள்:

“அப்பா, நரகாசுரன் நெசமாவே இருந்தானா?”

“இருந்தான்.”

“எந்த ஊர்லப்பா?”

தகப்பனாரிடம் விடை இல்லை. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது, கோயிலுக்குப் புறப்படவும் நேரமாகிவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா சாமி விசயத்துல குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது. சாமி கண்ணைக் குத்திடும்” என்றார். சிறுமி வாயை மூடிக்கொண்டாள்; கேள்வி மட்டும் அடங்கவில்லை. குளித்து முடித்துப் புத்தாடை உடுத்தியவள், அடுப்படியில் முறுக்கை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்த பாட்டியிடம் அதே கேள்வியைக் கொண்டு போனாள். பாட்டி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தறியாதவர். அவர் சொன்னார்:

“எனக்குத் தெரியாதும்மா. இருந்தானாம். எங்கம்மா எனக்குச் சொன்னாங்க, நான் உனக்குச் சொல்றேன்.”

ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். படித்தவர் சொன்ன விடை ஒன்று. படியாதவர் சொன்ன விடை மற்றொன்று. பண்டிகைக் கதைகளை உண்மையென நம்பும்படி பெற்றோர் பிள்ளைகளை ஊக்குவிக்கலாமா என்னும் வினாவுக்கு இவ்விரண்டில் எது பொருத்தமான விடை என்பதே இன்றைய பொருள்.

இஃது என்ன பெரிய சிக்கல், வளர்ந்தால் தானே தெரிந்துகொள்வார்கள் என்று எண்ணுவோர் உண்டு. மலேசியப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் ஏனைய மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. ஆகவே இந்துப் பிள்ளை தன் சமயத்தைப் பற்றிக் கேட்பதற்குரிய இடங்கள் இரண்டே. ஒன்று வீடு; மற்றொன்று ஆலயத்தில் வார இறுதியில் நடக்கும் சமய வகுப்பு. இவ்விரண்டு வாசலும் அடைபட்டால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். கேட்பதை நிறுத்திய பிள்ளை பதினைந்து வயதில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டது என்று பெற்றோர் வருந்துவது இவ்வட்டாரத்தில் கேளாத செய்தியன்று.

இவ்வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. டிசம்பர் மாதத்தில் பினாங்குப் பேரங்காடிகளில் செஞ்சட்டையும் வெண்தாடியுமாக நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காணாத பிள்ளை இங்கு இல்லை. இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மைரா என்னும் ஊரில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் நிக்கோலஸ் என்பவரிடமிருந்து கிளைத்து வளர்ந்த உருவம் அது. அவர் உண்மையில் இருக்கிறாரா என்று வெர்ஜினியா ஓஹான்லன் என்னும் 8 வயதுச் சிறுமி, நியூயார்க் நகரின் ‘தி சன்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினாள். 1897 செப்டம்பர் 21ஆம் நாள் அவ்விதழ் ஆம், இருக்கிறார் என்று தலையங்கமே தீட்டியது. அன்பும் ஈகையும் உலகில் இருப்பது போலவே அவரும் இருக்கிறார் என்பது அதன் சாரம். எழுதியவர் பிரான்சிஸ் சர்ச் என்பது 1906இல் அவர் மறைந்த பின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது. அச்சிறுமியின் தகப்பனாரும் நேரடியாக விடை சொல்லாமல், நாளிதழ் சொன்னால் சரிதான் என்று தள்ளிவிட்டவரே. லூனாஸ் தகப்பனார் சாமியின் மேல் போட்டார். நியூயார்க் தகப்பனார் பத்திரிகையின் மேல் போட்டார். வேறுபாடு அவ்வளவே!

மேல்நாட்டார் இதனை ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். ஆண்டர்சன், பிரெண்டிஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடம் பேசினர். பெரும்பாலோர் 7 வயதளவில் தாங்களாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தனர்; கண்டுபிடித்ததில் அவர்களுக்குப் பெரிய துயரமும் இல்லை. வருந்தியவர்கள் பெற்றோரே! 2016இலோ, பாயில், மெக்கே என்னும் இருவர் ‘லான்செட் உளமருத்துவம்’ இதழில் இதற்கு எதிர்வாதம் எழுதினர். பெற்றோர் இதில் பொய் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, வேறு எவற்றிலெல்லாம் பொய் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணத் தொடங்காதா என்பது அவர்கள் வாதம்.

ஆயினும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் நரகாசுரனையும் ஒரே தராசில் நிறுத்துவது பிழை. தாத்தா என்பவர் பெரியவர்கள் அனைவரும் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம்; பரிசுப் பொருளை வாங்கி வைத்தவர் எவர் என்பது பெற்றோருக்குத் தெரியும். நரகாசுரன் கதையில் நிலைமை அவ்வாறன்று. சொல்லுகின்ற பெற்றோரே அதனை எந்த அளவுக்கு நம்புகின்றனர் என்று தமக்குள் தீர்மானித்ததில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் தீர்மானியாத ஒன்றைத் தீர்மானித்தவர் போலச் சொல்லுகின்றனர். மேலும், தாத்தா போனால் தாத்தா மட்டுமே போவார். கிறிஸ்தவப் பிள்ளையின் இறைநம்பிக்கை அதனால் பாதிப்படைய வேண்டியதில்லை. இந்துப் பிள்ளைக்கோ கதையும் கடவுளும் ஒரே மூச்சில் ஊட்டப்படுகின்றன. நரகாசுரன் இருந்தான் என்பதும் கண்ணன் இருக்கிறான் என்பதும் ஒரே குரலில், ஒரே அழுத்தத்தில் சொல்லப்படுகின்றன. பின்னாளில் முதலாவது ஆட்டங்காணும்போது இரண்டாவதும் சேர்ந்தே ஆட்டங்காணுகிறது. தகப்பனாரின் “இருந்தான்” என்ற ஒற்றைச் சொல்லில் உள்ள இடர் இதுவே.

“எந்த ஊர்ல?” என்ற கேள்வி குறுக்குக் கேள்வியா? சற்றே எண்ணிப் பார்த்தால், அதற்கு விடையே இருந்தது. பாகவத புராணம் நரகனின் நகரைப் பிராக்ஜோதிஷம் என்கிறது. மரபு அதனை அசாம் மாநிலத்தின் குவஹாத்திப் பகுதியோடு பொருத்துகிறது. அங்கே ஆண்ட காமரூப மன்னர்கள் தம்மை நரகனின் வழித்தோன்றல்கள் என்றே பெருமையோடு சொல்லிக்கொண்டனர். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாஸ்கரவர்மனின் நிதன்பூர்ச் செப்பேடு அக்குலவரிசையை நரகனிலிருந்தே தொடங்குகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அரக்கன். அசாமிய மன்னர்க்கு மூதாதை. இதனை அறிந்த சிறுமி சலித்துப்போவாளா, மேலும் இரண்டு கேள்வி கேட்பாளா?

கதை ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் பிள்ளை முதலிலேயே அறிந்திருப்பது வேறொரு வகையிலும் நல்லது. வடநாட்டார் பலர் தீபாவளியை இராமபிரான் அயோத்தி திரும்பிய நாள் என்பர். சமணர்க்கு அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். பள்ளியில் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் சீக்கிய நண்பனைக் கேட்டால், குவாலியர்க் கோட்டைச் சிறையிலிருந்து குரு ஹர்கோவிந்தர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் நாள் என்பான். நரகாசுரன் மாண்டதனால்தான் தீபாவளி, வேறெதனாலும் அன்று என்று அடித்துச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை, அந்த நண்பனைப் பொய்யன் என்று எண்ண வேண்டும். அல்லது தன் தகப்பனாரை அவ்வாறு எண்ண வேண்டும். கேரள மக்களின் ஓணத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண்டுக்கொருமுறை மக்களைக் காண வருபவரே மகாபலி என்னும் அசுரகுல மன்னர். வாசலில் பூக்கோலம் இட்டு அவரை வரவேற்கின்றனர்.

இங்கு ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அசுரர் என்றால் கறுப்பு நிறம், தடித்த மீசை, உருண்டை விழி. ஆலய நாடகங்களுக்குச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, வெளுத்த நிறமுடைய பையனுக்குத் தேவர் வேடமும் கறுத்த பையனுக்கு அசுரர் வேடமும் தாமாகவே போய்ச் சேருகின்றன. எவரும் தீய எண்ணத்துடன் அவ்வாறு செய்வதில்லை. அதனாலேயே எவரும் அதனைக் கவனிப்பதும் இல்லை. அந்தக் கறுத்த பையன் மட்டும் கவனிக்கிறான். 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார், அசுரர் எனப்பட்டோர் இந்நாட்டுத் தொல்குடிகளே என்றும், அவர்களின் சாவைக் கொண்டாடுவது தகாது என்றும் நெடுங்காலம் வாதிட்டவர். அவர் வழிவந்தோர் புராணக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே தவிர்த்தனர். கோ. சாரங்கபாணி அவர்கள் 1952 முதல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் முன்னின்று வளர்த்த தமிழர் திருநாள், எந்த அசுரனும் மடியத் தேவையில்லாத பொங்கலை ஒட்டி அமைந்தது. சூரியன் உண்டா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை! ஆலய மேடையில் பெரியாரின் பெயரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நிறத்தைப் பற்றிய அக்கண்டனம் நியாயமானது என்பதை ஏற்றுக்கொள்வதால் ஆலயத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஆனால் கதையே கூடாது என்ற முடிவு, நோயோடு பிள்ளையையும் தொட்டிலிலிருந்து இறக்கிவிடுவதாகும்.

ஏனெனில் கதைக்குள்ளேயே பெரும்பொருள் இருக்கிறது. தீபாவளி அமாவாசையை அடுத்த ஆறு நாள்களில் வருகிறது கந்தசஷ்டி. கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் சூரபன்மன் இறுதியில் மாமரமாகி நிற்கிறான். முருகப்பெருமானின் வேல் அதனைப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆகின்றன. பகைவனை ஊர்தியாகவும் கொடியாகவும் தம்முடனேயே வைத்துக்கொள்கிறார் பெருமான். சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில் காவடியில் மயிலிறகைக் காணும் பிள்ளைக்கு, அந்த மயில் முன்பு யாராக இருந்தது என்பதைச் சொன்னால், பகைவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு வேறொரு விடையும் உண்டு என்பது விளங்கும். மரம் மயிலாவது உயிரியல் நூலின்படி நடக்குமா என்று பிள்ளை கேட்டால், நடக்காது என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக வேல் மழுங்கிவிடாது.

அற்புதங்களின் செய்தி சற்று வேறு. 1995 செப்டம்பர் 21ஆம் நாள், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி புதுடில்லியில் தொடங்கி ஒரே நாளில் இலண்டன் வரை பரவியது. ஆலயங்களின் முன் கரண்டியும் பாலுமாக மக்கள் வரிசை பிடித்து நின்றனர். இந்திய அரசின் அறிவியல் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டில்லி ஆலயம் ஒன்றில் நிறமூட்டிய பாலை வைத்துப் பார்த்தனர். கரண்டியின் விளிம்பிலிருந்து பால் சிலையின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது நிறத்தினால் புலப்பட்டது. பரப்பு இழுவிசையும் நுண்புழை ஈர்ப்பும் காரணம் என்றனர். அந்த வரிசைகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். இடுப்புயரமே உள்ள பிள்ளைக்கு மேலே இருக்கும் துதிக்கையைவிடக் கீழே இருக்கும் பீடம் நன்றாகத் தெரியும். பால் கீழே வழிகிறதே என்று அது சொல்லும்போது பேசாதே என்று அடக்குவதா, ஆம், வழிகிறது என்று ஒப்புக்கொள்வதா? ஒப்புக்கொண்ட பெற்றோரின் பிள்ளை மறுநாளும் பிள்ளையாரைக் கும்பிடுவதற்குத் தடையொன்றும் இல்லை. (வெர்ஜினியாவுக்கு நாளிதழ் விடையளித்ததும் செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்ததாகச் சொல்லப்பட்டதும் செப்டம்பர் 21. இது தற்செயலே, இதிலும் எவரும் அற்புதம் தேட வேண்டாம்.)

இனி “சாமி கண்ணைக் குத்தும்” என்பதற்கு வருவோர், அது தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்று காரணம் சொல்வர். அதில் உண்மை உண்டு. லயங்களில் வாழ்ந்த காலத்தில் பெற்றோர் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவர். சிறு பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். சற்றே வளர்ந்தவை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில். லயத்துக்கு அப்பால் கிணறும் ஆறும் பாம்பும் இருட்டுமாகப் பால்மரக்காடு. முனியாண்டி வெள்ளைக் குதிரையில் இரவுக்காவல் சுற்றுகிறார், எதிரே போகக் கூடாது என்று சொல்லி வைத்தால் பிள்ளைகள் வாசற்படி தாண்டமாட்டார்கள். வேலி கட்ட வசதியில்லாத மக்கள் அச்சத்தைக் கொண்டு வேலி கட்டினர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த வேலிக்கான தேவை போய்விட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் தொழிற்சாலை வேலைக்குப் போகலாயினர். கிணறு தூர்ந்துவிட்டது, பாம்பு போய்விட்டது, அச்சம் மட்டும் வீட்டுச் சாமான்களோடு லாரியில் ஏறித் தாமானுக்கு வந்துவிட்டது. காவல் தெய்வத்தைக் காவல்காரராகக் காட்டாமல் தண்டல்காரராகக் காட்டினால், பிள்ளை பக்தியைக் கற்காது, ஒளிந்துகொள்ளக் கற்கும். கேள்வி கேட்டதற்குக் கண்ணைக் குத்தும் தெய்வம் எந்த ஆகமத்திலும் இல்லை.

பாட்டியின் விடைக்குத் திரும்பலாம். அவர் சொன்னது “இருந்தான்” அன்று; “இருந்தானாம்”. அந்த ‘ஆம்’ தமிழ்மொழி தந்த கொடை. கண்ணால் கண்டதற்கு ஒரு வினைமுற்றும், காதால் கேட்டதற்கு அதனோடு ஓர் ஈற்றசையும் வைத்துக்கொண்டது தமிழ். ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம் என்று தொடங்கும்போதே, சொல்பவர் இதற்குச் சாட்சி கூற வரவில்லை, கைமாற்றித் தரவே வந்திருக்கிறார் என்பது கேட்பவர்க்குப் புரிந்துவிடுகிறது. அது பொய்யும் அன்று. சத்தியப் பிரமாணமும் அன்று. தொல்காப்பியரே தம் விதிகள் பலவற்றை முன்னைப் புலவர் கூறுவர் என்று சொல்லித்தான் வைக்கிறார். மலாய்க்காரர்களும் ‘கொனோன்’ என்று சொல்லியே பழங்கதை தொடங்குவர். மேரோங் மகாவங்சாவின் கதையேட்டில் வரும் கோரைப்பல் மன்னன் ராஜா பெர்சியோங்கை இக்கெடா மாநிலப் பிள்ளைகள் அந்தச் சொல்லோடுதான் கேட்டு வளர்ந்தனர். அவனுக்கு எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை. அதனால் கதை குறைந்துவிடவும் இல்லை.

‘ஆம்’ எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறியப் பழக்குவதற்கு இவ்வட்டாரத்தை விட நல்ல இடம் வாய்க்காது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளின் கல்லடித்தளங்களைப் பிள்ளை தன் கையால் தொட்டுப் பார்க்கலாம். அங்கே ‘ஆம்’ தேவையில்லை. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு அவன் மெய்க்கீர்த்தியிலேயே பொறிக்கப்பட்டுள்ளது, அதற்கும் தேவையில்லை. ஆனால் அங்குள்ள கோயில்களையெல்லாம் கட்டியவன் அவனே என்று மேடையில் முழங்குவோர், அவற்றுட் சில அவனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை என்பதை மறந்து, தாமும் ஒரு புராணம் பாடுகின்றனர். அதற்குக் கட்டாயம் ஒரு ‘ஆம்’ போட வேண்டும். 2013இல் அச்சண்டிகளில் ஒன்று மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. உண்மையாக இருந்ததைக் காக்கத் தவறியவர்கள், இல்லாததற்காக உரத்துப் பேசுவது பொருந்தாது.

ஆலய சமய வகுப்புக்கு வருங்கால் ஒரு வேண்டுகோள். கதை சொல்லி முடித்ததும், பிள்ளைகள் கேட்பதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஆசிரியர்க்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லலாம். அடுத்த வாரம் பார்த்து வந்து சொல்லலாம். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. செயற்குழுத் தீர்மானமும் வேண்டியதில்லை.

அந்தச் சிறுமியின் வீட்டில் மறு ஆண்டும் தீபாவளி வந்தது. இம்முறை எண்ணெய் வைத்துக்கொண்டவன் அவள் தம்பி. தகப்பனார் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கதையைத் தொடங்காமல் சற்றுத் தயங்கினார். துவட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சிறுமி முந்திக்கொண்டாள்:

“தம்பி, பிராக்ஜோதிஷம்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அங்க நரகாசுரன்னு ஒரு ராஜாவாம். அவனோட அம்மா யாரு தெரியுமா? பூமாதேவியாம்…”

“அப்புறம்?” என்றான் தம்பி, எண்ணெய் வழியும் கண்களைத் திறக்காமலேயே.